மோவாய் நெஞ்சில் சரியக் கூடாது

விடிவதற்குள் பேராவூரணியில் பஸ் ஏறி, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பிள்ளையை ஸ்கேனுக்குத் தூக்கி வருகிற தாயிடம், "என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சார், ஒரு வாய் டீதான்" என்று பதில் வருவது புதிதல்ல.

டீயில் பால் இருக்கிறது. மயக்கம் தரும் மருந்து கொடுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே பசும்பாலை நிறுத்தியிருக்க வேண்டும். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். தண்ணீர், இளநீருக்கு 2 மணி நேரம். நம் வீடுகளில் தண்ணீரோடு சேர்த்துவிடும் நீராகாரமும் கஞ்சித்தண்ணியும் உணவுக் கணக்கில்தான் வரும். மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் மழுங்கிவிடுவதால், வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.

தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. "வெறும் வயித்தோட வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, நடவுக் கூலியை விட்டு வந்தவளையும் பசியில் கதறும் பிள்ளையையும் மத்தியானம்வரை உட்காரவைப்பது அநியாயம். எதை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். தொலைவிலிருந்து வரும் கைக்குழந்தையை முதலில் அழைக்க வேண்டும்.

சி.டி. ஸ்கேன் சில நொடிகளில் முடிவதால் பல பிள்ளைகளுக்கு மருந்தே தேவைப்படாது. பிறந்து சில வாரமே ஆன குழந்தையை, மருந்தில்லாமல், பாலூட்டித் துணியில் சுற்றித் தூங்கவைத்தே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம். இரண்டு மூன்று வயதுப் பிள்ளை அந்த இரைச்சலுக்குள் அரை மணி நேரம் அசையாமல் கிடக்காது. காது கேட்கும் பரிசோதனைக்கும் தூக்கம் வேண்டும். அப்போதுதான் டிரைகுளோஃபாஸ் என்கிற தூக்க மருந்து சிரப் வருகிறது. அது வேலை செய்ய அரை மணி முதல் முக்கால் மணி ஆகும். பாதியைத் துப்பிய பிள்ளைக்கு, "இன்னும் தூங்கலையே" என்று அவசரத்தில் இன்னொரு மூடி ஊற்றுவது ஆபத்து. எடை பார்த்துத்தான் அளவு. அதுவும் மருத்துவமனைக்கு வந்தபிறகுதான்.

அமெரிக்காவில் சார்ல்ஸ் கோட்டே குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளுக்கு மயக்கம் தரும் மருந்து கொடுத்தபோது நேர்ந்த 95 விபத்துகள் அலசப்பட்டன. 51 பிள்ளைகள் இறந்திருந்தார்கள். அளவு மீறியது, பல மருந்துகள் சேர்ந்தது, கண்காணிப்பு போதாதது எனக் காரணங்கள் பல. வீட்டிலேயே மருந்து கொடுக்கப்பட்டவர்களும், வீடு திரும்பும் வழியில் மூச்சடங்கியவர்களும் அதில் உண்டு.

சிறு பிள்ளைக்கு நாக்கு பெரிது, மூச்சுக்குழாய் குறுகல், பின்மண்டை புடைப்பு. மல்லாத்திப் படுக்கவைத்துத் தலையணை கொடுத்தால் கழுத்து மடங்கி மூச்சு அடைபடும். தோளுக்கடியில் மடித்த துண்டை வைத்தால் வழி திறக்கும். கிலோவுக்குக் கிலோ பெரியவர்களைப்போல் இருமடங்கு ஆக்ஸிஜன் செலவழிக்கும் உடல் அது. சேமிப்பு சொற்பம், சீக்கிரமே நீலம் பாயும். ஆகவே விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இருந்தால் மட்டும் போதாது. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பதே முழு வேலையாக, மூச்சு நின்றால் பையும் முகமூடியும் வைத்து ஊதத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும். "யாருங்க பிள்ளையைப் பார்த்துப்பாங்க?" என்று கேட்கத் தாய்க்கு முழு உரிமை உண்டு.

சிரப்பின் வேகம் உடம்பில் 8 மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். தானாக விழித்து, அம்மாவை அடையாளம் கண்டு, தண்ணீர் குடித்துத் தங்கிய பிறகே அனுப்ப வேண்டும். திரும்பும் பஸ்ஸில் மடியில் தூங்கினால் மோவாயை நிமிர்த்தியே வைத்திருங்கள். குறட்டை சத்தம் வந்தாலோ, தட்டியும் எழாவிட்டாலோ ஊர் வரட்டும் என்று காத்திருக்காமல் அங்கேயே இறங்கி 108-ஐக் கூப்பிடுங்கள்.