பூட்டிய ஆய்வகத்துக்குள் என்ன இருக்கிறது?

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளி ஆய்வகம் பூட்டப்படும். மறுபடி திறப்பது ஜூனில்தான். இடைப்பட்ட வாரங்களில் டி. கல்லுப்பட்டி, பேரையூர், திருமங்கலம் வட்டாரத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். ஈதரின் கொதிநிலையோ 34.6 டிகிரிதான். ஜன்னல் சாத்திய அறையில் மூடி தளர்ந்த ஈதர் பாட்டில் ஒன்று இருந்தால், அடுப்பே இல்லாமல் அது ஆவியாகிவிடும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு படர்ந்து நிற்கும். கதவைத் திறந்ததும் கை முதலில் போவது மின்விசிறி சுவிட்சுக்கு. அதில் தெறிக்கும் சிறு பொறி போதும், அறை பற்றிக்கொள்ள.

அடர் அம்மோனியா பாட்டிலும் இப்படித்தான். வெப்பத்தில் உள்ளே வாயு அழுத்தம் ஏறியிருக்கும். குளிரவைக்காமல் மூடியைத் திருகினால் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

ஆய்வகப் பாதுகாப்பு என்றால் மாணவர்கள் சோதனை செய்யும் அந்த ஒரு பாடவேளையைத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆபத்து அதற்கு முன்பும் உண்டு, பின்பும் உண்டு. அலமாரியில் காத்திருக்கும்போதும், காலாவதியாகி வெளியே போகும்போதும் ரசாயனத்தைக் கவனிக்க ஆள் வேண்டும்.

அகரவரிசை ஆபத்து

ஆக்சிஜனைத் தரும் பொருளும் எரியும் பொருளும் உரசினால் என்ன ஆகும் என்பதை இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 அக்டோபரில் டி. கல்லுப்பட்டி அருகே பட்டாசு ஆலை வெடித்துப் பெண் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துப் பட்டாசு செய்ய 1992லேயே மத்திய அரசு தடை விதித்தது. அந்தக் கலவை லேசான உரசலுக்கே வெடிக்கும். ஆய்வகத்தில் ஆக்சிஜன் தயாரிக்க மாங்கனீசு டை ஆக்சைடுடன் சேர்த்துச் சூடாக்குவதும் இதே பொட்டாசியம் குளோரேட்டைத்தான். கந்தகப் பொடியும் அதே அறையில்தான் இருக்கும்.

தேடி எடுக்க வசதி என்று பாட்டில்களைப் பெயர் வரிசைப்படி அடுக்குகிறார்கள். தமிழ் வரிசையில் அடுக்கினாலும் சரி, ஆங்கில வரிசையில் அடுக்கினாலும் சரி, சோடியமும் சல்ப்யூரிக் அமிலமும் ஒரே தட்டுக்கு வந்துவிடும். நாப்தலீனும் நைட்ரிக் அமிலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இந்த ஜோடிகள் சேரவே கூடாதவை. பெயரைப் பார்க்காமல் குணத்தைப் பார்த்து அடுக்க வேண்டும்: அமிலங்கள் தனியே, கீழ்த்தட்டில், ஒழுகினால் தாங்கும் பிளாஸ்டிக் தட்டுக்குள், எரியும் திரவங்கள் தனியே, ஆக்சிஜன் தரும் உப்புகள் தனியே, மண்ணெண்ணெயில் மூழ்கிய சோடியம், தண்ணீர்க் குழாயிலிருந்து எட்ட.

அலமாரிக் கண்ணாடியிலும் பாட்டில் தோளிலும் வெள்ளைப் பொடி படிந்திருப்பதைப் பல ஆய்வகங்களில் பார்க்கலாம். தூசி என்று துடைத்துவிடுவார்கள். அது பெரும்பாலும் அம்மோனியம் குளோரைடு. ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் அம்மோனியா ஆவியும் சந்தித்து உண்டானது. இரண்டு பாட்டில்களும் கசிகின்றன, அருகருகே இருக்கின்றன என்று அந்த வெள்ளைப் படிவு சொல்கிறது.

வாயால் உறிஞ்சும் பழக்கம்

மேல்நிலை வகுப்பு வேதியியல் செய்முறையில் பருமனறி பகுப்பாய்வு முக்கியமான பகுதி. 20 மில்லி பிப்பெட்டை வாயில் வைத்து, கரைசலை உறிஞ்சி, கோட்டுக்கு மேல் ஏறியதும் சட்டென்று ஆள்காட்டி விரலால் அடைப்பதுதான் தலைமுறை தலைமுறையாக வரும் முறை. நுனி கரைசலுக்கு மேலே வந்துவிட்டால் காற்றோடு சேர்ந்து கரைசலும் வாய்க்குள் பாயும். ஆக்ஸாலிக் அமிலம் நஞ்சு. சோடியம் ஹைட்ராக்சைடு நாக்கையும் தொண்டையையும் அரிக்கும். உறிஞ்சுவதற்கென்றே ரப்பர் குமிழ் இருக்கிறது. வாயால் உறிஞ்சுவதை இந்தக் கல்வியாண்டிலேயே நிறுத்திவிட முடியும்.

அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்று எல்லா மாணவர்களுக்கும் தெரியும். காரணம் தெரிந்தால்தான் மறக்காது. அடர் சல்ப்யூரிக் அமிலத்தின் அடர்த்தி 1.84. அதில் விழும் தண்ணீர் மேலேயே நின்று, கலக்கும்போது வரும் கடும் சூட்டில் நொடியில் கொதித்து அமிலத்தோடு தெறிக்கும். அமிலம் உடலில் பட்டுவிட்டால் முதல் சிகிச்சை, குறைந்தது 15 முதல் 20 நிமிடம் ஓடும் தண்ணீர். பற்பசையும் பேனா மையும் வேண்டாம். காரத்தை ஊற்றி அமிலத்தைச் சமன் செய்யவும் வேண்டாம். ஓடும் தண்ணீரே சிகிச்சை என்பதால்தான் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லாத நாளில் அமிலப் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

2014 ஜனவரியில் நியூயார்க்கின் பீக்கன் உயர்நிலைப் பள்ளியில், உலோக உப்புகள் வண்ண வண்ணமாக எரிவதைக் காட்ட ஆசிரியர் மெத்தனாலைப் பயன்படுத்தினார். தீ சீறி இரண்டு மாணவர்கள் காயமடைந்தார்கள். ஒருவருக்குக் கடும் தீக்காயம். இதே சோதனையின் ஆபத்தை விளக்கி அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் காணொளி வெளியிட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. போரேட் உப்பைக் கண்டறிய நம் பள்ளிகளிலும் எத்தனாலைப் பற்றவைக்கிறார்கள். சுடர் இருக்கும் மேசையில் ஸ்பிரிட் பாட்டில் இருக்கக் கூடாது. வேண்டிய சில துளிகள் மட்டும் மேசைக்கு வர வேண்டும்.

சட்டம் பள்ளிக்கும் உண்டு

அமில வீச்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18 அன்று அளித்த உத்தரவு கடைக்காரர்களுக்கு மட்டுமானதல்ல. அமிலம் வைத்திருக்கும் கல்வி நிறுவனங்களும் அதன் பயன்பாட்டுக்குப் பதிவேடு வைத்து, கோட்டாட்சியரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாளராக்க வேண்டும். அமிலம் பயன்படும் ஆய்வகத்தைவிட்டு வெளியேறும் மாணவர்களைச் சோதிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

நடைமுறையில் அலமாரிச் சாவியைப் பிடித்திருப்பவர் ஆய்வக உதவியாளர். தமிழக அரசுப் பள்ளிகளில் 4,362 ஆய்வக உதவியாளர் பணியிடங்களுக்கு 2015 மே 31 அன்று எழுத்துத் தேர்வு நடந்தது. கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. அடர் அமிலத்தை நீர்க்கச் செய்வதும் பாட்டிலுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும் அவர்களே. பொறுப்பைக் கொடுத்தவர்கள் பயிற்சியையும் கொடுத்தாக வேண்டும். மதுரை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் டி. கல்லுப்பட்டியிலேயே இருக்கிறது. அந்தப் பயிற்சியை இங்கிருந்தே தொடங்கலாம்.

பழைய இரும்புக் கடைக்குப் போனால்

டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1968ல் வாங்கிய காமா கதிர்க் கருவி ஒன்று 1985 முதல் சும்மா கிடந்தது. 2010ல் அது ஏலத்தில் போய், மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் பிரிக்கப்பட்டது. உள்ளே இருந்த கோபால்ட்-60 கதிர்வீச்சில் ஒருவர் இறந்தார். மேலும் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மதுரைக்கு அருகேயே இன்னொரு பாடம் உண்டு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 2001ல் அவ்வூர் பழைய பொருள் கடையில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆலை மூடப்பட்டது. பாதரசத்தைப் படிப்படியாகக் கைவிடுவதற்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018ல் ஏற்றது.

பள்ளியில் தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் கூட்டக் கூடாது. முத்துகள் இன்னும் பொடியாகிப் பரவும். ஜன்னல்களைத் திறந்து, மாணவர்களை வெளியேற்றி, கெட்டி அட்டையால் ஒதுக்கி, சொட்டுக்குழாயால் உறிஞ்சி மூடிய பாட்டிலில் அடைக்க வேண்டும். பெயர்ச்சீட்டு அழிந்த ரசாயனங்களைத் தொட்டியில் கொட்டாமல் பட்டியலிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தின் வழிகாட்டுதலோடு அகற்ற வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவில்லை. பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் மூன்றைக் காட்டச் சொல்லுங்கள்: அமிலப் பதிவேடு, தண்ணீர் வரும் ஆய்வகக் குழாய், பெயர்ச்சீட்டு ஒட்டிய அலமாரி. இல்லாததைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.