மாட்டுக்குப் பல், காருக்குக் காந்தம்!
மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார். பழைய கார் வாங்கப் போகிறவரோ பளபளப்பைக் கண்டதும் பணத்தை எண்ணிவிடுகிறார்!

பெண்ணாடம் வெள்ளாற்றங்கரை ஊர். கடல் உப்புக்காற்று அங்கே எட்டாது. ஆனால் அங்கு விலைக்கு வரும் கார் எங்கே ஓடியதோ, யார் கண்டார்? கடலூர்க் கடற்கரையில் நின்றதாக இருக்கலாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. வெள்ளம் எங்கே வந்தாலும், நனைந்த வண்டி சாயம் பூசிக்கொண்டு வேறு ஊரில் விலைக்கு நிற்கும்.

கண்டுபிடிப்பது எப்படி?

சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவிலும் மட்கார்டிலும் வையுங்கள். ஒட்டினால் தகடு. வழுக்கினால் உள்ளே தடித்த பட்டி! பிளாஸ்டிக் பம்பரில் காந்தம் ஒட்டாது, அது குற்றமல்ல.

டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்குங்கள். பள்ளத்தில் வண்டல் இருக்கிறதா? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சேற்றுக் கறை தெரிகிறதா? அது வெள்ளம் கண்ட வண்டி.

பகல் வெளிச்சத்தில், உலர்ந்த வண்டியைப் பாருங்கள். ஈரம் கீறலை மறைக்கும்.

கதவில் சிறு நசுங்கலா? விலையைக் குறைத்து வாங்கலாம். ஆனால் கதவோரத்து ரப்பரை விலக்கும்போது, தூணை வெட்டி ஒட்டிய வெல்டிங் தெரிந்தால் வாங்கவே வேண்டாம். விபத்தில் கூரை நசுங்காமல் தாங்குவது அந்தத் தூண்தான். அங்கே ஏமாந்தால் போவது பணம் மட்டுமல்ல!