மாணவர் நடத்தும் பள்ளி ஒலிபரப்பு

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. அப்படிப்பட்ட பள்ளிகள் பலவற்றில் மாணவர்களே வானொலி நிலையத்தையோ தொலைக்காட்சிச் செய்தி அரங்கையோ நடத்துகிறார்கள். வளாகத்து ஒலிபெருக்கியில் காலை அறிவிப்பு வாசிப்பதோடு இந்த வேலை முடிவதில்லை. வானொலி நடத்தும் பள்ளிகள் பலவற்றுக்கு அரசு உரிமமும் தனி அலைவரிசையும் உண்டு. பள்ளிக்கு வெளியே நேயர்களும் உண்டு. மற்ற வகுப்புகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுபவர்கள் அந்த நேயர்கள்தான். கட்டுரை நோட்டில் உள்ள பிழையை ஆசிரியர் ஒருவர்தான் காண்பார். ஒலிபரப்பில் நேர்ந்த பிழையை ஊரே கேட்கும். ஒரு மாணவருக்குப் பொறுப்புணர்வை இவ்வளவு நேராகக் கற்பிக்கும் பாடம் வேறு அரிது.

இதன் வரலாறு வானொலியின் தொடக்க காலத்திலேயே ஆரம்பமாகிறது. 1923இல் ஆரிகன் மாநிலம் போர்ட்லண்டில் உள்ள பென்சன் பாலிடெக்னிக் பள்ளியின் மாணவர் அமைப்பு ஒரு சிறிய நிலையத்தின் கருவிகளை விலைக்கு வாங்கியது. கே.எஃப்.ஐ.எஃப். என்ற அழைப்பெழுத்துகளுடன் ஒலிபரப்பைத் தொடங்கிய அந்த நிலையம், 1930இல் பள்ளியின் பெயரைக் குறிக்கும் வகையில் கே.பி.பி.எஸ். ஆனது. மின்பணி, இயந்திரப்பணி போன்ற தொழில்களைக் கற்றுத்தந்த பள்ளி அது. வானொலியும் அங்கே ஒரு கைத்தொழிலாகவே முதலில் நுழைந்தது.

பள்ளி வானொலி பரவலாக வளர இரண்டு அரசு முடிவுகள் காரணமாயின. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல், நாட்டின் அலைவரிசைகளை நிர்வகிக்கும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் எஃப்.எம். ஒலிபரப்புக்கு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் வகுத்தது. அதில் 88 முதல் 92 வரையிலான பகுதியை வணிக நோக்கமற்ற கல்வி நிலையங்களுக்கென்று ஒதுக்கிவைத்தது. 1948இல் வெறும் 10 வாட் ஆற்றலில் இயங்கும் கல்வி நிலையங்களுக்கும் அனுமதி கொடுத்தது. 10 வாட் ஒலிபரப்பு சில கிலோமீட்டர் தூரமே எட்டும். ஆனால் அதற்கான செலவு ஒரு பள்ளி தாங்கக்கூடியதாக இருந்தது. மறு ஆண்டே, 1949 மே மாதம், இண்டியானா மாநிலம் நியூ ஆல்பனியில் டபிள்யூ.என்.ஏ.எஸ். நிலையம் தொடங்கியது. நாட்டின் முதல் உயர்நிலைப் பள்ளி எஃப்.எம். நிலையம் என்று பெயர் பெற்றது அதுதான். அதே ஆண்டின் இறுதியில் பென்சில்வேனியாவில் ஹேவர்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியின் நிலையமும் ஒலிக்கத் தொடங்கியது.

1978இல் காற்று திசை மாறியது. அலைவரிசைகளுக்குப் போட்டி பெருகவே, 10 வாட் நிலையங்கள் குறைந்தது 100 வாட்டுக்கு உயர வேண்டும், உயராதவை தங்கள் இடத்துக்கான பாதுகாப்பை இழக்கும் என்று ஆணையம் முடிவெடுத்தது. பல பள்ளிகள் பணம் திரட்டிப் பெரிய கருவிகள் வாங்கின. சில பள்ளிகள் நிலையத்தையே மூடின. சியாட்டில் நகரின் நேதன் ஹேல் உயர்நிலைப் பள்ளியிலிருந்து இயங்கும் கே.என்.எச்.சி. 1971இல் 10 வாட்டில் தொடங்கியது; இன்று 89.5 மெகாஹெர்ட்ஸில் நகரெங்கும் கேட்கும் நடன இசை நிலையமாக வளர்ந்திருக்கிறது.

பள்ளி நிலையத்தின் உரிமம் பொதுவாகப் பள்ளி நிர்வாகத்தின் பெயரில்தான் இருக்கும். ஒரு ஆசிரியர் மேற்பார்வையாளராக இருப்பார். அன்றாட வேலை மாணவர்களுடையது. நிலைய மேலாளர், நிகழ்ச்சிப் பொறுப்பாளர், செய்திப் பொறுப்பாளர், இசைப் பொறுப்பாளர், விளையாட்டு வர்ணனையாளர் என்று பதவிகள் உண்டு. புதிதாக வருபவர் முதலில் ஒலிக்கலவைப் பலகையை இயக்கப் பழகுவார். விதிமுறைகளில் தேர்வு எழுதித் தேறிய பிறகே மைக் முன் உட்கார முடியும் என்ற வழக்கம் பல நிலையங்களில் உண்டு. மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பதால், ஆண்டுதோறும் ஒரு வகுப்பு படிப்பை முடித்து வெளியேறினாலும் நிலையம் தடைபடாமல் ஓடுகிறது.

சட்டம் பள்ளி நிலையத்துக்கென்று பெரிதாக இளகுவதில்லை. ஒவ்வொரு மணி நேரமும் நிலையத்தின் அழைப்பெழுத்துகளையும் உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் சொல்லியாக வேண்டும். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை ஆபாசமான பேச்சோ பாட்டோ ஒலிக்கக்கூடாது. கல்வி நிலையம் விளம்பரம் விற்க முடியாது. நன்கொடை தரும் கடையின் பெயரையும் முகவரியையும் சொல்லலாம்; விலையைச் சொல்லவோ, ‘வந்து வாங்குங்கள்’ என்று அழைக்கவோ கூடாது. கடைக்கு நன்றி சொல்வதற்கும் அதன் சரக்கை விற்றுத்தருவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பதினைந்து வயதுப் பிள்ளை அங்கே தன் வாயாலேயே கற்றுக்கொள்கிறது.

தொலைக்காட்சி வகுப்பின் அமைப்பு வேறு. பெரும்பாலும் காலை அறிவிப்பு நிகழ்ச்சியே அதன் மையம். மதிய உணவுப் பட்டியல், மன்றக் கூட்டங்கள், முந்தைய நாள் ஆட்ட முடிவு ஆகியவற்றோடு மாணவர் படமெடுத்த செய்தித் தொகுப்பும் அதில் இடம்பெறும். வகுப்பறைத் திரைகளில் எல்லோரும் பார்க்கத் திரையில் தெரிபவர் இரண்டு வாசிப்பாளர்கள் மட்டுமே. கண்ணாடிக்கு அப்பால் கட்டுப்பாட்டு அறையில் இயக்குநர், கேமராக்களை மாற்றிக் கொடுப்பவர், ஒலியைக் கவனிப்பவர், வாசகங்களை டெலிபிராம்ப்டரில் ஓட்டுபவர் எனப் பலர் ஒரே நொடியில் ஒத்துழைக்க வேண்டும். ஒருவர் பிந்தினால் எல்லோருடைய வேலையும் கெடும்.

நல்ல பள்ளிகளில் கருவியைக் கையாளுவதைவிட ஆழமான பாடம் செய்தியறையில் நடக்கிறது. காதுக்கு எழுதும் வாக்கியம் சிறியதாக இருக்க வேண்டும்; கேட்பவர் திரும்பப் படிக்க முடியாது. பேட்டி காணும்போது ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடிந்துவிடாத கேள்வியைக் கேட்க வேண்டும். நேரில் பார்க்காத செய்தியை இருவரிடமாவது உறுதிசெய்ய வேண்டும். பேசியவரின் சொற்களை வெட்டி ஒட்டும்போது பொருள் மாறக்கூடாது. இவற்றைச் செய்து பழகிய மாணவர், பிறர் தயாரித்த செய்தியில் எது வெட்டப்பட்டிருக்கும், யாரிடம் கேட்கப்படவில்லை என்று யோசிக்கத் தொடங்குகிறார். பிற்காலத்தில் ஊடக வேலைக்குப் போகாதவருக்கும் இந்தப் பழக்கம் பயன்படும்.

மாணவர் எதைச் சொல்லலாம் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களின் வழக்கில், பள்ளிக்குள்ளும் கருத்துரிமை உண்டு என்று 1969இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988இல் வந்த ஹேசல்வுட் தீர்ப்பு அந்த உரிமையைச் சுருக்கியது. மிசூரி மாநிலப் பள்ளி ஒன்றின் மாணவர் இதழில், பருவ வயதுக் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் மணமுறிவு பற்றியும் வரவிருந்த கட்டுரைகளைத் தலைமையாசிரியர் நீக்கியிருந்தார். பாடத்தின் ஒரு பகுதியாகப் பள்ளி நடத்தும் வெளியீட்டை, நியாயமான கல்வி நோக்கம் இருந்தால், நிர்வாகம் கட்டுப்படுத்தலாம் என்றது நீதிமன்றம். கலிபோர்னியா 1977லேயே மாணவர் கருத்துரிமைக்குச் சட்டம் இயற்றியிருந்தது. 2015இல் வட டகோட்டா இயற்றிய சட்டத்துக்குப் பிறகு மேலும் பல மாநிலங்கள் அந்த வழியில் சென்றன. அவதூறு, தனிவாழ்வில் அத்துமீறல், பள்ளி நடவடிக்கையைக் குலைக்கும் தூண்டுதல் ஆகியவற்றை அந்தச் சட்டங்கள் காப்பதில்லை. தன் செய்தியை நிர்வாகம் நீக்கிவிடும் என்று அஞ்சும் மாணவர், கடினமான கேள்வியை எழுதும் முன்பே தானாக நீக்கிவிடுவார். ஆகவே ஊடகக் கல்வியின் தரம் இந்த உரிமையையும் பொறுத்தது.

பள்ளிகளை இணைக்கும் அமைப்புகளும் உருவாகியுள்ளன. 1999இல் தொடங்கிய மாணவர் தொலைக்காட்சி வலையமைப்பு ஆண்டு மாநாடும் போட்டிகளும் நடத்துகிறது. பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். நியூஸ்ஹவர் நடத்தும் மாணவர் செய்தித் திட்டத்தில், மாணவர் தயாரித்த தேர்ந்த செய்திகள் நாடு முழுவதும் ஒளிபரப்பாகின்றன.

இன்று கைப்பேசியும் இணையமும் இருப்பதால் தொடங்குவதற்கான செலவு மிகவும் குறைந்துவிட்டது. உரிமம் இல்லாமலே இணைய வானொலி நடத்தும் பள்ளிகளும் உண்டு. ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர், பாட அட்டவணையில் ஒதுக்கிய நேரம், தவறு நேர்ந்தால் அதே ஒலிபரப்பில் திருத்தம் சொல்லும் வழக்கம், கேள்வி கேட்கும் மாணவருக்குத் துணைநிற்கும் நிர்வாகம் ஆகிய நான்கும் இன்றும் தேவை. இந்த நான்கும் உள்ள பள்ளியில், பழைய கருவியைக் கொண்டும் மாணவர்கள் தரமான செய்தியைத் தர முடியும்.