விளையாட்டுப் பெட்டிக்கு எத்தனை கைகள்!



உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டிலோ, கட்டிலுக்கு அடியிலோ, தோட்டத்து வீட்டுப் பரணிலோ ஒரு பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டி தூங்கிக் கொண்டிருக்கிறதா? அப்படியானால் அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

சென்ற தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, சுங்கை பினாங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஒட்டடை அடித்துக் கொண்டிருந்தோம். அலமாரி மேலிருந்து ஓர் அட்டைப்பெட்டி இறங்கியது. என் மகன் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது வாங்கிக் கொடுத்த 'மைக்ரோ ஜீனியஸ்' பெட்டி! கூடவே இரண்டு கைக்கருவிகள். நீண்ட வயர் கட்டிய ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. பேரன் துள்ளிக் குதித்தான். மகன் எப்படியோ அதைப் புதிய தட்டை டிவியில் மாட்டிக் கொடுத்தான். படம் வந்தது, இசை வந்தது, வாத்துகள் பறந்தன. பேரன் சுட்டான், சுட்டான், சுட்டுக்கொண்டே இருந்தான். ஒரு வாத்துகூட விழவில்லை.

"தாத்தா, இது ரோசாக்!" என்று துப்பாக்கியைத் தூக்கிப் போட்டான்.

ரோசாக் ஆனது துப்பாக்கி அல்ல என்று அவனுக்கு விளக்கப் போனேன். அதில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

சுடாத துப்பாக்கி

மைக்ரோ ஜீனியஸை மலேசியப் பெற்றோருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட 'ஃபேமிகாம்' பெட்டியைப் பார்த்துத் தைவானில் செய்த நகல் அது. அசலை நம்மில் பலர் கண்ணால் கண்டதே இல்லை. நகல்தான் நம் வீடுகளுக்கு வந்தது. நகல்தான் நம் பிள்ளைகளுக்கு அசல்.

அந்தத் துப்பாக்கியிலிருந்து ஏதோ ஒளி பாய்ந்து வாத்தைத் தாக்குகிறது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறானது! துப்பாக்கி எதையும் அனுப்புவதில்லை. அது பார்க்கிறது. குழலுக்குள் ஒரு சிறு கண்ணாடி வில்லை. அதன் பின்னால் ஒளியை உணரும் ஒரு சிறு கருவி. நீங்கள் விசையை அழுத்தியதும் திரை முழுவதும் ஒரு கணம் இருண்டு போகும். அடுத்த கணம், வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றும். துப்பாக்கியின் கண் முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் கண்டால், குறி தப்பவில்லை என்று பெட்டி முடிவு செய்துகொள்ளும். இவ்வளவும் கண் சிமிட்டும் நேரத்துக்குள் நடந்துவிடும். திரை ஒரு முறை பளிச்சிட்டது போல் மட்டுமே நமக்குத் தெரியும். இருட்டை முதலில் பார்க்கச் சொல்வது ஏன் தெரியுமா? மின்விளக்கைக் குறிபார்த்துவிட்டு "பட்டது, பட்டது" என்று ஏமாற்றும் பிள்ளைகளுக்காக!

இந்தக் கணக்கெல்லாம் பழைய குழாய் டிவிக்குப் போட்ட கணக்கு. அதில் படம் உடனுக்குடன் கோடு கோடாகத் திரையில் வரையப்படும். இன்றைய தட்டை டிவியோ படத்தை வாங்கி, சீர்செய்து, சற்றுத் தாமதித்துக் காட்டும். நமக்கு அந்தத் தாமதம் தெரியாது, துப்பாக்கிக்குத் தெரியும். அது எதிர்பார்த்த கணத்தில் வெள்ளைச் சதுரம் வந்து சேரவில்லை. வாத்து பிழைத்துக் கொள்கிறது!

ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போய், பேரம் பேசி ஒரு 14 அங்குலக் குழாய் டிவி வாங்கி வந்தேன். வீட்டில் அர்ச்சனை கிடைத்தது. அது வேறு கதை. வாத்து விழுந்தது. நீங்களும் அப்படி வாங்கினால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அதன் பின்மூடியைத் திறக்க வேண்டாம். சுவிட்சை அடைத்த பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

கட்டைவிரலின் காலம்

ஒளித் துப்பாக்கி நின்டெண்டோ கண்டுபிடித்ததும் அல்ல. 1972-இல் அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் நிறுவனம் 'ஒடிஸி' என்ற பெட்டியை விற்றது. வீட்டு டிவியில் ஆடுவதற்கென்று கடைக்கு வந்த முதல் விளையாட்டுப் பெட்டி அதுதான். ரால்ஃப் பேர் என்ற பொறியாளரின் மூளையில் உதித்தது. அதற்கு நீளமான ஒரு துப்பாக்கியைத் தனியாக விற்றார்கள். பாவம், அந்தத் துப்பாக்கி மின்விளக்கைக் கண்டாலும் "பட்டது" என்றுதான் சொல்லும்! பெட்டியால் வரைய முடிந்தது சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும்தான். காடு, வீடு, மைதானம் எல்லாம் வண்ணப் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்துத் திரைமேல் ஒட்டிக்கொள்ள வேண்டியவை.

அதே 1972-இல்தான் நம் பாயான் லெப்பாஸில் இன்டெல் முதலிய கம்பெனிகள் கால் ஊன்றின. கம்போங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் நம் பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லுகளில் பொருத்தினார்கள். என் தங்கையும் அவர்களில் ஒருத்தி. என் மகனின் மைக்ரோ ஜீனியஸை முதன்முதலில் பார்த்தபோது, "இதுக்குள்ளேயும் அந்தக் கறுப்புப் பூச்சிதான் உட்கார்ந்திருக்கும் அண்ணே" என்றாள். கால் முளைத்த சில்லுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது.

1977-இல் வந்த அட்டாரியில் ஒரு நெட்டைக் குச்சியும் ஒற்றைப் பொத்தானும்தான். குச்சியை முழுக் கையால் பிடித்து ஆட்ட வேண்டும். அரை மணியில் மணிக்கட்டு வலிக்கும். இன்று நாம் காணும் கூட்டல் குறி போன்ற பொத்தானை நின்டெண்டோவின் குன்பேய் யோகோய் கொண்டுவந்தார். 1982-இல் சட்டைப்பைக்குள் அடங்கும் 'டாங்கி காங்' கைவிளையாட்டில் அது முதலில் வந்தது. சட்டைப்பைச் சாமானில் குச்சி நீட்டிக்கொண்டிருக்க முடியாதல்லவா? அன்றிலிருந்து வேலையெல்லாம் கட்டைவிரலுக்குப் போய்விட்டது.

விசித்திரங்கள் சில

ஃபேமிகாமின் இரண்டாவது கைக்கருவியில் ஒரு மைக் இருந்தது. 1986-இல் வந்த 'செல்டா' விளையாட்டில், நீளக் காதுள்ள ஒரு பூதத்தைக் கொல்ல வாள் வேண்டாம். மைக்கில் கத்தினால் போதும். 1985-இல் நின்டெண்டோ ஒரு குட்டி ரோபோவையே துணைக்கு அனுப்பியது. 1983-இல் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வியாபாரம் படுத்துவிட்டது. கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்தினார்கள். "இது வீடியோ விளையாட்டு அல்ல, பொம்மை" என்று சொல்லி உள்ளே நுழைய அந்த ரோபோ உதவியது. டிவித் திரை சிமிட்டுவதைக் கண்ணால் பார்த்து அது கையை அசைக்கும். ஆனால் ஆமை வேகம்! அதற்கென்று வந்தவை மொத்தம் இரண்டே விளையாட்டுகள்.

1989-இல் மேட்டல் நிறுவனம் விற்ற 'பவர் குளோவ்' கையுறை பார்ப்பதற்கு விண்வெளி வீரர் சாமான் போல இருக்கும். போட்டு ஆடினால் பொறுமை போய்விடும். 2002-இல் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டீல் பட்டாலியன்' கருவியில் சுமார் 40 பொத்தான்கள், இரண்டு பெரிய குச்சிகள், கீழே மூன்று மிதிகள். இயந்திரம் வெடிக்கும்முன் 'வெளியேறு' பொத்தானை அழுத்தத் தவறினால், நீங்கள் சேமித்து வைத்த ஆட்டமே அழிந்து போகும். ரத்தம் தெளித்தது போல் சாயம் பூசிய மரமறுக்கும் இயந்திர வடிவில்கூட ஒரு கைக்கருவி வந்தது. அதை வாங்கி வீட்டில் வைக்கும் மனசு எனக்கு இல்லை.

எனக்குப் பிடித்தது ரயில்! டாய்டோ நிறுவனத்தின் 'டென்ஷா டே கோ' என்ற ஜப்பானிய விளையாட்டு. வேகத்துக்கு ஒரு நெம்புகோல், பிரேக்குக்கு ஒரு நெம்புகோல். சண்டை இல்லை, சாவு இல்லை. குறித்த நேரத்தில் நிலையத்துக்குள் வந்து, கோட்டுக்கு நேராக வண்டியை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். பட்டர்வொர்த்தில் ரயில் வந்து நிற்பதை வேடிக்கை பார்த்து வளர்ந்த எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

நடனப் பாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொனாமி நிறுவனம் 1998-இல் விளையாட்டுக் கூடங்களுக்குக் கொண்டுவந்த நடன இயந்திரம், பிறகு சுருட்டி வைக்கும் பாயாக வீட்டுக்கு வந்தது. அம்புக்குறி காட்டும் பக்கம் காலை வைத்துக் குதிக்க வேண்டும். தோட்டத்து வீட்டுக்கு ஏற்ற சாமான். அடுக்குமாடிக்கு ஆகவே ஆகாது. என் மருமகள் பிள்ளை ஆடிய மூன்றாம் நாளே கீழ்வீட்டுச் சீன அம்மா மாடி ஏறி வந்துவிட்டார். 2006-இல் வந்த 'வீ' பெட்டியின் கைக்கருவியை வீசி ஆட வேண்டும். உற்சாகத்தில் வீசியவர்களின் கைப்பட்டை அறுந்து டிவி உடைந்த கதைகள் பல. அந்த டிசம்பரிலேயே நின்டெண்டோ தடித்த பட்டைகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. பட்டையை மணிக்கட்டில் மாட்டாமல் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்காதீர்கள்.

பெற்றோர்களே, இப்படிப்பட்ட சாமான்களை வாங்கும்முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இதை வைத்து எத்தனை விளையாட்டு ஆடலாம்?" ஒன்றே ஒன்று என்றால் பர்ஸை மூடிவிடுங்கள். ரயில் மட்டும் விதிவிலக்கு!

ஒரு கை போனால்?

இதுவரை சொன்னவை எல்லாம் இரண்டு கையும் பத்து விரலும் உள்ளவர்களுக்காகச் செய்தவை.

எங்கள் பிளாட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. மூத்த பையன் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி, வலக்கை செயலற்றுப் போனவன். கை இருக்கிறது, ஆனால் தோளிலிருந்து தொங்குகிறது. முன்பெல்லாம் அண்ணனும் தம்பியும் கணினியில் கால்பந்து ஆடினால் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். விபத்துக்குப் பிறகு சத்தம் நின்றுவிட்டது. தம்பி ஆடுவான், அண்ணன் பின்னால் உட்கார்ந்திருப்பான். "நீ ஆடுடா, நான் பார்க்கிறேன்" என்பான். அவனுடைய அம்மா என்னிடம் சொல்லி அழுதது கையைப் பற்றி அல்ல. அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி.

பவர் குளோவ் வந்த அதே 1989-இல் நின்டெண்டோ இன்னொரு கருவியும் செய்தது. கையே இல்லாமல் ஆடும் கருவி! மார்பில் கட்டிக்கொண்டு, முகவாயால் ஒரு குச்சியை நகர்த்த வேண்டும். குழாயில் ஊதினால் ஒரு பொத்தான், உறிஞ்சினால் மற்றொன்று. கையுறையின் புகழ் உலகமெல்லாம் பரவியது. இதைக் கேள்விப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

2018-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு தட்டையான வெள்ளைப் பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர்' என்று பெயர். மேலே இரண்டு பெரிய வட்டப் பொத்தான்கள்; முழங்கையாலும் தட்டலாம். பின்பக்கம் வரிசையாக 19 துளைகள். வழக்கமான கைக்கருவியின் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஈடாகத் தனித்தனித் துளை. காலால் மிதிப்பதையோ, தலையால் தட்டுவதையோ, வாயால் ஊதுவதையோ அதில் செருகிக்கொள்ளலாம். அது வரும் அட்டைப்பெட்டியைக்கூட விரல் இல்லாமல் திறக்கும்படி வளையம் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்பாக்ஸிலும் விண்டோஸ் கணினியிலும் வேலை செய்யும். சோனியும் தன் பிளேஸ்டேஷன் 5-க்கு 2023 டிசம்பரில் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்காள் பலகையை வாங்கி அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் சிக்கல். பலகை தனி, மிதி தனி! கடைகளில் விற்கும் மிதிகளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அந்தத் துளைகளைப் பார்த்த எனக்கு ஒரு சந்தேகம். அவை ரேடியோ காதொலிக் கருவிக்கு உள்ள அதே 3.5 மில்லிமீட்டர் துளைகள். பொத்தான் செய்யும் வேலையும் இரண்டு கம்பியைத் தொட வைத்துப் பிரிப்பது. வேறு மந்திரம் எதுவும் இல்லை. ரேடியோ பழுது பார்க்கும் நண்பரிடம் போனோம். கெட்டுப்போன காதொலிக் கருவியின் வயரை வெட்டி, முனையில் வீட்டு அழைப்பு மணியின் பொத்தானைப் பற்றவைத்தார். மரப்பலகையில் இரண்டை ஆணியடித்தோம். பாஸ் கொடுக்க ஒன்று, கோல் அடிக்க ஒன்று. கைச்செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். பலகையின் பெரிய பொத்தான் இரண்டும் இடக்கைக்கு எட்டின. ஓடுவதற்கு இடது கட்டைவிரலால் ஆட்டும் ஒரு சிறு குச்சியை வாங்கிச் செருகினோம்.

முதல் வாரம் எல்லாம் கோணல். கோல் அடிக்கச் சொன்னால் பாஸ் போனது. அவன் இரண்டு முறை எழுந்து போய்விட்டான். வலது காலில் அழுத்துவதை இடது காலுக்கு மாற்றினோம், பலகையைச் சற்றுச் சரித்து வைத்தோம்.

போன சனிக்கிழமை இரவு அவர்கள் வீட்டிலிருந்து பெரிய சத்தம். என்னவோ ஏதோ என்று ஓடினேன். கணினித் திரையில் மூன்றுக்கு இரண்டு. தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"காலால ஆடினா கணக்கு இல்லைண்ணே!"

"கால்பந்துடா மடையா, காலாலதான் ஆடணும்!"