இரவில் கண்ணை நம்பிப் பறந்த கென்னடி மகன்

கடலில் விழுந்து 3 பேர் பலி

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜான், 1999-ம் ஆண்டு ஜூலை 16-ந்தேதி இரவு சொந்த விமானத்தை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். போனவர் போனவர்தான்.

கூட இருந்தவர்கள் மனைவி கரோலின், மைத்துனி லாரன். மறுநாள் சித்தப்பா மகளுக்கு கல்யாணம். போகும் வழியில் மார்த்தாஸ் வினியார்டு தீவில் மைத்துனியை இறக்கிவிட ஏற்பாடு.

கிளம்பும் முன் வானிலை பார்த்தார். வழி நெடுக 4 மைலுக்குக் குறையாமல் கண்ணுக்குத் தெரியும் என்று இருந்தது.

3 மைல் சட்டம்

வெளியே கண்ணால் பார்த்து ஓட்டுகிற விமானிகளுக்கு அங்கே ஒரு சட்டம் உண்டு. பகலில் தாழப் பறந்தால் சில இடங்களில் ஒரு மைல் தெரிந்தாலே போதும். இரவில் அந்தச் சலுகை கிடையாது. பொதுவாக 3 மைல் தெரிய வேண்டும். மேகத்துக்குக் கீழே என்றால் 500 அடி, மேலே என்றால் ஆயிரம் அடி, பக்கவாட்டில் 2 ஆயிரம் அடி தள்ளிப் பறக்க வேண்டும். மேகத்துக்குள்ளிருந்து இன்னொரு விமானம் திடீரென்று வந்தால் ஒதுங்க வேண்டாமா?

ஆக, ஜான் கிளம்பியது சட்டப்படி சரிதான்!

கரண்ட் போச்சா?

ஊருக்கு மேலே பறந்தால் தெரு விளக்காவது தெரியும். கடலுக்கு மேலே என்ன தெரியும்? அன்று மூட்டம் வேறு. வானம் எது, தண்ணீர் எது என்றே புரியாத கும்மிருட்டு. அதே இரவில் அந்தப் பக்கம் பறந்த வேறொரு விமானி, தீவில் கரண்ட் போய்விட்டதோ என்றுகூட நினைத்தாராம்.

இங்கேதான் காது ஏமாற்றுகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே சீராகச் சுற்றினால், கொஞ்ச நேரத்தில் சுற்றுவதே தெரியாது. காதுக்குள் இருக்கும் நீரின் வேலை அது. விமானம் சாய்ந்து வட்டமடிக்கும். உள்ளே இருப்பவருக்கோ நேராகப் போவதுபோல இருக்கும். அப்போது உடம்பு சொல்வதைத் தள்ளிவிட்டு, முன்னால் உள்ள கருவியை மட்டும் நம்ப வேண்டும்.

அந்தப் பயிற்சியை ஜான் பாதிதான் முடித்திருந்தார். அந்த விமானத்தில் ஆசிரியர் துணையின்றி அவர் இரவில் பறந்தது ஒரு மணி நேரம்கூட இல்லை.

அன்று ஆசிரியர் ஒருவர் "நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். தனியாகவே ஓட்டுவதாக ஜான் சொல்லிவிட்டார்.

இரவு சுமார் 9.40 மணி. கடைசி நேரத்தில் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேலான வேகத்தில் விமானம் இறங்கியது ராடாரில் பதிவானது.

5 நாள் கழித்து, சுமார் 120 அடி ஆழத்தில் 3 உடல்களும் கிடைத்தன. விமானத்தில் எந்தக் கோளாறும் தென்படவில்லை என்று விசாரணைக் குழு அறிவித்தது. இருட்டிலும் மூட்டத்திலும் விமானி திசை தடுமாறியதே காரணம் என்றது.

கல்யாணம் தள்ளி வைக்கப்பட்டது.