மண்டகப்பட்டு குகையின் வயதை ப்ரோலாக்கிடம் கேட்டால்?

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டு கல்வெட்டு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மா, சிவன், திருமாலுக்கு விசித்திரசித்தன் செய்த கோயில் என்கிறது. விசித்திரசித்தன் என்றால் முதலாம் மகேந்திரவர்மன். இவ்வளவு சொன்னவர் வருஷத்தை மட்டும் சொல்லாம விட்டுட்டார்.

அப்போ குகை எப்போ வெட்டியது? ப்ரோலாக்கிடம் கேட்போம். (லேப்ல தாத்தா–பேரன் ப்ரோக்ராமோட நாம மூடி வைத்த அதே ப்ரோலாக்தான்.)

துப்பு வாதாபியில், அதாவது இன்றைய பாதாமியில், இருக்கு. அங்கே மகேந்திரனின் மகன் நரசிம்மவர்மன் விட்டுப்போன கல்வெட்டில் அவருடைய 13-ஆம் ஆட்சியாண்டு வருகிறது. வாதாபி விழுந்தது சுமார் 642 என்பது ஆய்வாளர்கள் கணக்கு. அப்படின்னா 642 = பதவியேற்பு + 12. அப்பா ஆட்சி முடிந்த இடத்தில் மகன் ஆட்சி ஆரம்பம். குகை அதற்கு முன்.

நமக்கு 630 என்று மனசுலேயே வந்துடும். சாதா ப்ரோலாக்கில் இதே வரியை 'இஸ்' போட்டு எழுதுங்க, எரர்தான் வரும். வலது பக்கத்தில் மதிப்பு தெரியாத மாறி இருந்தால் அது கணக்கே போடாது. அதுக்கு அது சமன்பாடு இல்லை, வெறும் கால்குலேட்டர் பட்டன்.

1987-ல் ஜாஃபரும் லாஸேயும் இதைப் பொதுவாகத் தீர்க்க ஒரு வடிவம் கொடுத்தார்கள்: கட்டுப்பாட்டு லாஜிக் ப்ரோக்ராமிங். மதிப்பு தெரியலைன்னா எரர் விடாதே, நிபந்தனையை அப்படியே சேமித்து வை, புதுத் தகவல் வரும்போது எல்லைகளைச் சுருக்கு. வாதாபிக்கு 641–643 என்று கொடுத்தால் பதவியேற்பு தானாக 629–631 ஆகும். மகேந்திரன் ஆட்சி 590–600-க்குள் தொடங்கியது என்று சேர்த்தால் குகைக்கு 590–631 கிடைக்கும்.

'குகை 640-ல் வெட்டியதா?' என்று கேட்டால் 'இல்லை' என்று வரும். ஆனா அந்த 'இல்லை' 642 என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. சும்மா 653 என்று மாற்றிப் பாருங்க, அதே கேள்விக்கு ஆமாம் வரும். பாடப்புத்தகத்தில் '630' என்று மட்டும் படிக்கிறப்போ இந்தச் சங்கிலி கண்ணுலயே படாது.

எஸ்டபிள்யூஐ-ப்ரோலாக்கில் இதற்கான நூலகம் கூடவே வருகிறது. 'இஸ்' இருக்கிற இடத்தில் '#=', '<' இருக்கிற இடத்தில் '#<' போட்டால் மேலே சொன்னது முழுக்க அஞ்சாறு வரிதான்.