படப்பையும் புழைக்கடையும்

‘தோட்டம்’ என்னும் சொல்லுக்கு மலேசியத் தமிழர் நாவில் பொருள் வேறு. தாயகத்தில் அது மலரும் காயும் விளையும் சிறு நிலத்தைக் குறிக்கும். இங்கோ ஏக்கர் ஏக்கராக ஒரே மரம் வரிசை பிடித்து நிற்கும் இடத்தைக் குறிக்கும். டான் சாய் யான் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் ரப்பர் பரவப் பரவ, நம் சொல்லும் தன் பழம் பொருளை விட்டு நழுவிற்று. அத்தோட்டங்களை விட்டுப் பட்டணம் வந்தோர் பலர் இன்று வாழும் குடியிருப்புகளுக்குத் ‘தாமான்’ என்று பெயர். மலாய் மொழியில் அச்சொல்லுக்கும் பூங்கா என்பதே பொருள். தோட்டத்திலிருந்து புறப்பட்டுத் தாமானுக்கு வந்து சேர்ந்தோம். வீட்டுப் புழைக்கடை மட்டும் புல்லும் சரளையுமாகக் கிடக்கிறது!

சங்க நூல்களில் மனையை ஒட்டிய தோட்டத்திற்குப் ‘படப்பை’ என்று பெயர். சென்னைக்கு அருகே அப்பெயரிலேயே ஓர் ஊரும் உண்டு. சங்கத் தமிழன் எதை எதையெல்லாம் அருகருகே வளரக் கண்டான் என அறிய விரும்புவோர் பட்டினப்பாலையைத் திறக்கலாம். சோழ நாட்டு வளம் கூறும் இடத்தில் உருத்திரங்கண்ணனார் தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி என்று எட்டினை அடுக்குகிறார். இவற்றுள் பனை ஒன்று நீங்கலாக மற்றவை யாவும் மலாக்காவில் எளிதில் வளர்பவை.

இவற்றை வகுப்பில் விளக்குவது எளிதன்று. கமுகை வரையுமாறு ஒருமுறை மாணவரிடம் கூறினேன். ஒரு சிறுவன் செம்பனையை, குலையும் மட்டையும் பிசகாமல், மிக அழகாக வரைந்து தந்தான். அவன் மீது பிழையில்லை. அவன் கண்ட பனை அதுவே. ‘ஒருவகை மரம்’ என்று பொருள் கூறி அடுத்த வரிக்குச் செல்லும் நம் வழக்கமே பிழை. பத்தடி அகலப் புழைக்கடையும் இச்சொற்களுக்கு ஓர் உரை நூலாகக் கூடும் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

தோன்றியவுடன் அவசரப்பட்டேன். ஒரே வாரத்தில் இருபது கன்றுகளை வாங்கிக் குழி தோண்டி நட்டேன். ஐப்பசி மழை வந்தது. குழிகள் யாவும் தொட்டிகளாயின. மல்லிகை உட்பட முக்கால் பங்கு அழுகிற்று. காரணம் மண். இம்மாநிலத்தின் பெரும்பகுதி செம்புறைக்கல் நிலம். போர்த்துகீசியர் தம் கோட்டையை எழுப்ப இக்கல்லையே வெட்டிப் பயன்படுத்தினர் என்றால் அதன் உறுதியைக் கூறவும் வேண்டுமோ? மண்ணூலார் இவ்வகைச் சரளை மண்ணுக்கு ‘மலாக்கா’ என்றே பெயரிட்டுள்ளனர். அதில் தோண்டிய குழி நீரை எளிதில் உள்வாங்காது. எனவே குழி தோண்டுவதை விடுத்து மண்ணை மேலே உயர்த்துதலே தக்கது.

ஆகவே முதலில் ஒரே ஓரத்தை மட்டும் எடுத்துக்கொள்க. வேலியை ஒட்டி இரண்டரை அடி அகலம் போதும். அதற்கு மேற்பட்டால் ஒரு பக்கம் நின்று கை எட்டாது, பாத்தியை மிதிக்க நேரும். தரையை அரையடி ஆழம் கொத்தி, பொறுக்கிய கற்களையே கரையாக அடுக்கி, அதனுள் மக்கிய இலையும் ஆட்டெருவும் கலந்த மண்ணை முக்கால் அடி உயரம் நிரப்புக. நம் மண் புளிப்புத் தன்மை உடையது. இரண்டு கைப்பிடி சுண்ணாம்புத் தூள் தூவி இரண்டு வாரம் ஆறவிடுவது நலம். ‘பாத்தி’ என்னும் சொல்லும், வள்ளுவர் ஆண்ட ‘பாத்தூண்’ என்பதில் உள்ள ‘பாத்து’ என்பதும் பகுத்தல் என்னும் ஒரே பொருளில் பிறந்தவை. நிலத்தைப் பகுக்காமல் முழுவதையும் ஒருங்கே பிடிக்க முயன்றதே என் பழைய தவறு.

எந்த ஓரம்? ஆங்கில நூல்கள் தெற்கு நோக்கிய சுவரைப் புகழும். அது அவர்கள் நாட்டு வெயிலுக்குப் பொருந்தும். நாமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகை அளவில் இருக்கிறோம். கதிரவன் மார்ச்சு இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் தலைக்கு நேரே நிற்கிறான். ஜூனில் வடக்கே சாய்கிறான், டிசம்பரில் தெற்கே சாய்கிறான். வீட்டின் வடபுறப் பாத்தி ஆனியில் வெயிலில் காயும், மார்கழியில் நிழலில் கிடக்கும். கீழ்ப்புற ஓரத்திற்கோ ஆண்டு முழுதும் காலை வெயில் உண்டு. தொடக்கத்திற்கு அதுவே ஏற்றது.

இங்கிலாந்தில் ஓரப் பாத்திக் கலையை வளர்த்தவருள் கெர்ட்ரூட் ஜீக்கல் (1843–1932) தலையாயவர். நெட்டையான செடி பின்னே, நடுத்தரம் நடுவே, குட்டை முன்னே என்னும் முறையும், நிறத்தை நிறத்தோடு இழைக்கும் முறையும் அவர் தோட்டங்களில் சிறந்து விளங்கின. அங்கே குளிர்காலத்தில் அச்செடிகளுட் பல மண்ணோடு மடங்கி உறங்கும். இங்கே எதுவும் உறங்குவதில்லை. ஆதலால் முறையைக் கொள்வோம், செடிகளை உருத்திரங்கண்ணனாரிடம் கேட்போம். பின்வரிசையில் ஒரு கமுகு. அதன் மேல் படர வெற்றிலைக் கொடி. நடுவே கறிவேப்பிலையும் செம்பருத்தியும். பின்னது 1960 முதல் இந்நாட்டின் தேசிய மலர் என்பதைப் பிள்ளைகள் அறிவர். முன்னே மஞ்சள், இஞ்சி, சேம்பு. கரையோரம் மண்ணைப் பிடித்து நிற்கப் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும். தைப்பொங்கலுக்குப் பச்சை இலையோடு மஞ்சட்கொத்து வேண்டுவோர் வைகாசி, ஆனியில் கிழங்கை ஊன்றுக. எஞ்சிய இலைகளை அண்டை வீட்டு மலாய்க்காரர் ரெண்டாங் சமைக்க மகிழ்ந்து வாங்கிக்கொள்வர்.

முதலாண்டு இவ்வளவே. வாழையை இரண்டாம் ஆண்டில், வேறு ஓரத்தில் வைக்கலாம். பக்கக்கன்றை வெட்டாதவன் வீட்டில் வாழை பாத்தி முழுவதையும் ஆளும். பூந்தொட்டிகளின் அடித்தட்டு எனக்கு உடன்பாடன்று. அதில் தேங்கும் நீரில் டெங்கிக் கொசு முட்டையிடும்.

புழைக்கடைக்கு ஒவ்வாப் பெருமரங்கள் இரண்டினைப் பள்ளி வளாகத்தில் வைக்கலாம். ஒன்று பாச்சாங்; நம் ஊர்ப்பெயரோடு ஒத்த அம்மரம் மாவினத்தது. மற்றொன்று மலாக்கா மரம். அரசர் இளைப்பாறிய அம்மரத்தின் பெயரையே இந்நகருக்கு இட்டார் என்பது மலாய் மரபு. அது வேறொன்றுமன்று, நம் நெல்லியே. அதியமான் ஔவைக்கு ஈந்த கனியின் மரமும் இம்மாநிலத்தின் பெயர்மரமும் ஒன்று என்று கூறியபோது ஐந்தாம் ஆண்டு மாணவர் நம்பவில்லை. எங்கள் பள்ளியில் நட்ட கன்றை ஆடுகள் இருமுறை மேய்ந்துவிட்டன. இப்போது முள்வேலிக்குள் மூன்றாம் முறை துளிர்த்து இடுப்பளவு நிற்கிறது.